அட்லாண்டிக் கல்லூரி: மாணவர்கள் காத்த கடற்கரை

அட்லாண்டிக் கல்லூரி என்பது பிரிட்டனின் தெற்கு வேல்ஸ் பகுதியில், கிளமோர்கன் கடற்கரையில் உள்ள பன்னாட்டு உறைவிடப் பள்ளி ஆகும். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும், 16 முதல் 19 வயது வரையுள்ள மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் தங்கிப் படிக்கும் மேல்நிலைப் பள்ளிதான் இது. 1962ஆம் ஆண்டு செயின்ட் டொனாட்ஸ் கோட்டையில் தொடங்கப்பட்டது. இன்று பல நாடுகளில் இயங்கும் ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்ற அமைப்பின் முதல் பள்ளியும் இதுவே.

பன்னாட்டுப் பள்ளி என்றவுடன் பல நாட்டுக் கொடிகள், ஆண்டு விழாவில் நாட்டுக்கொரு நடனம், உணவுத் திருவிழா ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். இப்பள்ளியிலும் அவை உண்டு. ஆனால் ஐம்பது ஆண்டுகள் இப்பள்ளியின் மாணவர்கள் செய்துவந்த வேறொரு பணியே அதன் வரலாற்றில் முதன்மையானது. கடலில் தத்தளித்தவர்களை அவர்கள் படகில் சென்று மீட்டார்கள். அந்தப் பணிக்காகப் பள்ளியின் பட்டறையில் உருவான ஒரு படகு வகை இன்று உலகின் பெரும்பாலான கடலோரக் காவல் படைகளில் இருக்கிறது.

குர்ட் ஹானின் எண்ணம்

பள்ளியின் பின்னணியில் இருந்தவர் குர்ட் ஹான் என்னும் கல்வியாளர். 1886ஆம் ஆண்டு பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டு தெற்கு ஜெர்மனியில் சாலெம் என்ற பள்ளியைத் தொடங்கி நடத்திவந்தார். 1932ஆம் ஆண்டு பொடெம்பா என்ற ஊரில் ஒரு தொழிலாளி நாஜிகளால் கொல்லப்பட்டார். கொலையாளிகளை ஹிட்லர் வெளிப்படையாக ஆதரித்தார். அதைக் கண்ட ஹான், சாலெமில் படித்த பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஹிட்லரா, சாலெமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஹான் கைது செய்யப்பட்டார். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு உள்ளிட்டோரின் தலையீட்டால் விடுதலையாகி பிரிட்டன் சென்றார். 1934ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கோர்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கினார்.

இரண்டாம் உலகப்போரின்போது அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்கள் நீர்மூழ்கிகளால் மூழ்கடிக்கப்பட்டன. உயிர்ப்படகில் ஏறியவர்களில், உடல் வலுவுள்ள இளம் மாலுமிகள் மனம் தளர்ந்து இறக்க, வயதான மாலுமிகள் தாக்குப்பிடித்துப் பிழைத்தார்கள் என்று கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். இருவரும் சேர்ந்து 1941ஆம் ஆண்டு வேல்ஸில் அபர்டோவி என்ற ஊரில் இளைஞர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். இதுவே பின்னர் அவுட்வர்ட் பவுண்ட் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது.

பிறர் உயிரைக் காக்கும் பொறுப்பை ஏற்கும்போதுதான் ஓர் இளைஞனிடம் உள்ள சிறந்த குணங்கள் வெளிப்படும் என்பது ஹானின் உறுதியான நம்பிக்கை. நல்ல சமாரியன் கதையை அவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். போர் இளைஞர்களை ஈர்ப்பதற்கு அதிலுள்ள ஆபத்தும் தோழமையும் காரணம் என்றால், அதே ஆபத்தையும் தோழமையையும் மீட்புப் பணியின் மூலம் அவர்களுக்குக் கொடுக்கலாமே என்று அவர் எண்ணினார்.

1955ஆம் ஆண்டு பாரிஸில் இருந்த நேட்டோ பாதுகாப்புக் கல்லூரிக்கு ஹான் சென்றார். அதன் தலைவராக இருந்தவர் ஏர் மார்ஷல் சர் லாரன்ஸ் டார்வல். பத்து ஆண்டுகளுக்கு முன்பு எதிரெதிர் அணிகளில் நின்று போரிட்ட நாடுகளின் அதிகாரிகள், அங்கே ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே மேசையில் உண்டு, நண்பர்களாகப் பழகுவதைக் கண்டார். நடுவயது அதிகாரிகளுக்கே இது கைகூடும் என்றால், மனம் இறுகிப்போகாத பதின்ம வயதில் எவ்வளவு எளிது! இந்த எண்ணத்திலிருந்தே அட்லாண்டிக் கல்லூரி பிறந்தது. பனிப்போர்க் காலம் என்பதால் முதலில் அட்லாண்டிக் பெருங்கடலின் இருபுறமும் உள்ள நாடுகளை மனத்தில் வைத்தே பெயர் சூட்டப்பட்டது. உலகத்தையே ஒன்றுசேர்க்க விரும்பிய பள்ளிக்கு இது குறுகிய பெயர்தான். அந்தக் குறை பின்னர் ஓரளவு சரிசெய்யப்பட்டது.

கோட்டை கிடைத்த கதை

செயின்ட் டொனாட்ஸ் கோட்டை 12ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்துவருகிறது. ஸ்ட்ராட்லிங் என்ற குடும்பத்தின் கையில் பல நூற்றாண்டுகள் இருந்தது. 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் இதை வாங்கினார். வில்ட்ஷயரில் இருந்த பிரேடன்ஸ்டோக் என்ற பழைய துறவி மடத்தின் பகுதிகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து இங்கே மண்டபம் கட்டினார்; அதற்காகக் கடுமையாகக் கண்டிக்கவும் பட்டார். அவ்வளவு செலவு செய்தவர் இங்கே தங்கிய நாட்கள் மிகக் குறைவு.

ஹர்ஸ்டின் மறைவுக்குப் பின், 1960ஆம் ஆண்டு அன்டோனின் பெஸ் என்பவர் கோட்டையை வாங்கிப் பள்ளிக்காக வழங்கினார். இவருடைய தந்தை, அதே பெயருடைய சர் அன்டோனின் பெஸ், ஏடன் துறைமுகத்தில் பெரும் வணிகம் நடத்தியவர். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் அன்டனி கல்லூரி அவருடைய நன்கொடையால் உருவானது. இந்தியாவில் ரிலையன்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த திருபாய் அம்பானி இளம் வயதில் ஏடனில் வேலை பார்த்தது இதே பெஸ் நிறுவனத்தில்தான்.

முதல் தலைமையாசிரியராக ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோர் பொறுப்பேற்றார். அவர் பிரிட்டிஷ் கடற்படையின் பொறியியல் பிரிவு அதிகாரி. ஆசிரியர் பணியிலிருந்து வந்தவர் அல்லர். பள்ளி நடத்த ஒரு கடற்படைப் பொறியாளரா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். அந்தத் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பதைப் பின்னர் பட்டறையே காட்டியது.

பள்ளியின் அன்றாட வாழ்க்கை

1962ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் முதல் அணி மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அனைவரும் ஆண் பிள்ளைகள். பெண்கள் 1967ஆம் ஆண்டு முதல் சேர்க்கப்பட்டார்கள்.

விடுதி அறையில் வெவ்வேறு நாட்டினரைச் சேர்த்துத் தங்கவைப்பது இங்குள்ள வழக்கம். நான்கு பேர் கொண்ட அறையில் நான்கு தாய்மொழிகள் இருக்கக்கூடும். ஜன்னலை இரவில் திறந்துவைப்பதா மூடுவதா என்பதில் தொடங்கி, மத்திய கிழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வரை எல்லா விவாதமும் அந்த அறையில்தான் நடந்தாக வேண்டும். ஒரு பகுதியைச் சேர்ந்த மாணவர்கள் சேர்ந்து தங்கள் நாடுகளின் பாடல், நடனம், நாடகம் ஆகியவற்றை நிகழ்த்தும் பண்பாட்டு மாலைகளும் ஐக்கிய உலகக் கல்லூரிகள் அனைத்திலும் நிலைத்துவிட்ட மரபு. கோட்டை வளாகத்தில் உள்ள பழைய தானியக் களஞ்சியம் பின்னாளில் கலையரங்காக மாற்றப்பட்டது. சுற்றுவட்டார மக்களும் அங்கே நிகழ்ச்சிகளுக்கு வருகிறார்கள்.

இவற்றுக்கு இணையாகச் சேவைப் பணி கட்டாயம். ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஒரு சேவைப் பிரிவில் சேர வேண்டும். கடற்கரைக் காவல், செங்குத்துப் பாறைகளில் சிக்கியவர்களைக் கயிறு கட்டி மீட்பது, உயிர்காப்புப் படகு, அருகிலுள்ள ஊர்களின் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவுவது எனப் பல பிரிவுகள் இருந்தன. இது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை என்பது முக்கியம். கணக்குப் பாடத்தில் தவறு செய்தால் மதிப்பெண் போகும். கயிற்று முடிச்சில் தவறு செய்தால் ஓர் உயிர் போகும். இரண்டாவது வகைப் பொறுப்பை 17 வயதில் பெறும் வாய்ப்பு பெரும்பாலான பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லை.

கடலின் இயல்பு

இப்பகுதிக் கடலைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மாணவர்களின் பணியைப் புரிந்துகொள்ள முடியாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். பிரிஸ்டல் கால்வாயும் அதன் தலைப்பகுதியான செவர்ன் கழிமுகமும் உலகிலேயே மிக உயர்ந்த ஓத வேறுபாடு உள்ள இடங்களில் அடங்கும். கழிமுகப் பகுதியில் இது 14 மீட்டர் வரை செல்லும். நான்கு மாடிக் கட்டட உயரத்துக்கு நீர் ஏறுகிறது, ஆறு மணி நேரத்தில் அவ்வளவும் வடிகிறது. இதனால் நீரோட்டம் மிக வேகமாக இருக்கும்.

கரையோ சுண்ணாம்புக் கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காக அமைந்த செங்குத்துப் பாறை. அவ்வப்போது சரியும் தன்மையுடையது. நீர் வடிந்திருக்கும்போது அடிவாரத்தில் உலாவப் போகும் சுற்றுலாப் பயணிகள், நீர் திரும்பி ஏறுவதை உணர்வதற்குள் முன்னும் பின்னும் வழி அடைபட்டு மாட்டிக்கொள்வார்கள். நீந்துவோரை நீரோட்டம் இழுத்துச் செல்லும். சிறு பாய்மரப் படகுகள் கவிழும். இயற்கைத் துறைமுகமும் அருகில் இல்லை.

பிரிட்டனில் உயிர்காப்புப் படகுப் பணியை அரசு நடத்தவில்லை. 1824ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் என்ற அறக்கட்டளை, மக்களின் நன்கொடையைக் கொண்டு, பெரும்பாலும் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்துகிறது. 1963ஆம் ஆண்டு அந்நிறுவனம் காற்றடைத்த சிறிய ரப்பர் படகுகளைக் கரையோர மீட்புக்குக் கொண்டுவந்தபோது, அட்லாண்டிக் கல்லூரியில் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. அதன் படகோட்டிகள் பள்ளி மாணவர்கள். மற்ற நிலையங்களில் மீனவர்களும் கடைக்காரர்களும் தச்சர்களும் செய்த அதே பணியை, அதே விதிகளின்படி, இங்கே பல நாட்டுப் பதின்ம வயதினர் செய்தார்கள்.

பட்டறையில் பிறந்த படகு

பள்ளியில் பாய்மரப் படகுப் பயிற்சி நடந்ததால், கவிழ்ந்தவர்களைத் தூக்க உடன் செல்லும் பாதுகாப்புப் படகுகள் தேவைப்பட்டன. மரப் படகு கனமானது. அலையில் ஆடும்போது, நீரில் கிடப்பவர்மீதோ கவிழ்ந்த படகின்மீதோ மோதினால் உதவப்போனதே ஆபத்தாகிவிடும். காற்றடைத்த ரப்பர் படகு மெத்தென்று அணைந்து நிற்கும், மூழ்காது. ஆனால் அதன் துணித்தளம் கூழாங்கல் கரையில் இழுக்க இழுக்கத் தேய்ந்து கிழிந்தது. வேகமெடுத்தால் தளம் அலையோடு வளைந்து நெளிந்து படகில் இருப்பவர்களைத் தூக்கியடித்தது.

ஹோர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பட்டறையில் இறங்கினார். கிழிந்த துணித்தளத்தை எடுத்துவிட்டு, ஒட்டுப்பலகையை அந்த இடத்தில் ஒட்டிப்பார்த்தார்கள். தேய்மானம் குறைந்தது. பிறகு தட்டையான பலகைக்குப் பதிலாக, அலையைக் கிழித்துச் செல்லும்படி கூர்மையாக வடிவமைத்த கெட்டியான அடிப்பகுதியைச் செய்து, அதைச் சுற்றிலும் காற்றுக் குழாயைப் பொருத்தினார்கள். அடிப்பகுதி வேகத்தைக் கொடுத்தது; குழாய் மிதப்பையும் மென்மையையும் கொடுத்தது. பின்புறத்தைத் திறந்தபடி விட்டதால், உள்ளே ஏறிய நீர் படகு முன்னேறும்போது தானாகவே வெளியே வழிந்தது. கெட்டித்தளக் காற்றுப் படகு என்று சொல்லத்தக்க இந்த வகை, ஆங்கிலச் சுருக்கமாக 'ரிப்' என்று இன்று உலகெங்கும் அழைக்கப்படுகிறது.

இது ஒரே நாளில் நடந்த கண்டுபிடிப்பு அல்ல. 1960களில் ஆண்டுக்கு ஆண்டு புதிய மாணவர்கள் வந்து, முந்தைய அணி விட்டுச்சென்ற படகை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள்; உடைந்ததைக் கொண்டுவந்து மாற்றிக் கட்டினார்கள். மாதிரிக்குப் பின் மாதிரியாகப் பல படகுகள் செய்யப்பட்டன. காலையில் வடிவமைத்தவர் மாலையில் அதிலேயே அலையோடு மோதவேண்டியிருந்ததால், குறைகள் ஒளிந்துகொள்ள இடமே இருக்கவில்லை.

1969ஆம் ஆண்டு பிரிட்டனைச் சுற்றிவரும் விசைப்படகுப் போட்டி நடந்தது. பெரிய நிறுவனங்களின் விலையுயர்ந்த படகுகள் கலந்துகொண்ட அந்தப் போட்டிக்கு, மாணவர்கள் சில வாரங்களில் ஒரு படகைக் கட்டி அனுப்பினார்கள். 'சைக்கடெலிக் சர்ஃபர்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1969இல் அந்த வயதினர் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பல பெரிய படகுகள் வழியில் விலகிக்கொள்ள, இந்தச் சிறு படகு முழுத் தூரத்தையும் கடந்து முடித்தது. படகுத் தொழிலில் இருந்தவர்கள் இந்த வடிவத்தைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

உயிர்காப்புப் படகு நிறுவனம் இந்த வடிவத்தை மேலும் செம்மைப்படுத்தி, 1972ஆம் ஆண்டு பணியில் சேர்த்தது. பிறந்த இடத்தின் நினைவாகவும், 21 அடி நீளத்தைக் குறித்தும் அதற்கு 'அட்லாண்டிக் 21' என்று பெயரிடப்பட்டது. கவிழ்ந்தாலும் மேலேயுள்ள காற்றுப்பை விரிந்து படகை நிமிர்த்திவிடும் ஏற்பாடு அதில் இருந்தது.

காப்புரிமை ஹோரின் பெயரில் இருந்தது. உலகமெங்கும் விற்கப்போகும் ஒரு பொருளின் உரிமை அது. அதை அவர் உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்தார். அந்த ஒரு பவுண்டுக் காசோலையும் வங்கியில் மாற்றப்படவேயில்லை. பின்னாளில் இந்த வகைப் படகுகளைக் கட்டி விற்று நிறுவனங்கள் ஈட்டிய தொகையை எண்ணிப்பார்த்தால் இந்தச் செயலின் அளவு புரியும். இன்று இந்தியக் கடலோரக் காவல் படை உட்படப் பல நாட்டுப் படைகளின் கப்பல்களில் இவ்வகைப் படகுகள் உள்ளன.

படகுக்குத் தலைமையேற்ற மாணவி

உயிர்காப்புப் படகில் பெண்கள் செல்வது அக்காலத்தில் மிக அரிது. கடலோர ஊர்களில் படகைத் தள்ளிவிடுவதும் இழுத்துக் கரையேற்றுவதும் பெண்களின் வேலையாக இருந்தது. ஏறிச்செல்வது ஆண்களின் வேலை. அட்லாண்டிக் கல்லூரியில் பெண்கள் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் இந்த வழக்கம் உடைந்தது. 1969ஆம் ஆண்டு, நார்வே நாட்டைச் சேர்ந்த 18 வயது மாணவி எலிசபெத் ஹோஸ்ட்வெட், கரையோர உயிர்காப்புப் படகுக்குத் தலைமையேற்கத் தகுதிபெற்ற முதல் பெண் என்ற இடத்தைப் பெற்றார். பிரிட்டனின் நூற்றைம்பது ஆண்டு மீட்பு மரபில் இந்த முதலிடம், வேறொரு நாட்டிலிருந்து படிக்க வந்த பள்ளி மாணவிக்குக் கிடைத்தது.

பாடத்திட்டமும் பரவலும்

ஹோருக்குப் பின் 1969ஆம் ஆண்டு டேவிட் சட்கிளிஃப் தலைமையாசிரியரானார். அதுவரை பிரிட்டனின் மேல்நிலைத் தேர்வுகளுக்கே மாணவர்கள் தயாராகிவந்தார்கள். இதில் ஒரு சிக்கல். இங்கே பெற்ற சான்றிதழைச் சில நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தயங்கின. 1968ஆம் ஆண்டு ஜெனீவாவில் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் அமைப்பு நிறுவப்பட்டிருந்தது. 1971ஆம் ஆண்டு, தன் நாட்டுத் தேர்வை முழுவதும் விட்டுவிட்டு இப்புதிய பாடத்திட்டத்துக்கு மாறிய உலகின் முதல் பள்ளியாக அட்லாண்டிக் கல்லூரி ஆனது. தேர்வே நிலைபெறாத காலத்தில் எடுத்த துணிச்சலான முடிவு இது; மாணவர்களின் உயர்கல்வியே பணயமாக இருந்தது. அந்த அமைப்பின் முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன் ஏற்கெனவே இப்பள்ளிக்குப் பாடத்திட்ட ஆலோசனை வழங்கியவர். இன்று பாக்கலோரியட் மாணவர்கள் அனைவரும் முடிக்கவேண்டிய 'படைப்பாற்றல், செயல்பாடு, சேவை' என்ற பகுதியில் ஹானின் கருத்தும் இப்பள்ளியின் அனுபவமும் கலந்துள்ளன. ஆனால் பல பள்ளிகளில் அது மணிக்கணக்கை நிரப்பிக் கையொப்பம் வாங்கும் சடங்காகிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1960களின் இறுதியில் மவுண்ட்பேட்டன் பிரபு தலைவராகி, ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்ற விரிந்த பெயரில் அமைப்பைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றார். கனடாவில் பியர்சன் கல்லூரி 1974ஆம் ஆண்டு தொடங்கியது. நிறவெறி ஆட்சிக்கு எதிராக 1963 முதல் ஸ்வாசிலாந்தில் இயங்கிவந்த, நெல்சன் மண்டேலாவின் மகள்கள் படித்த வாட்டர்ஃபோர்டு கம்லாபா பள்ளி 1981ஆம் ஆண்டு இணைந்தது. இந்தியாவில் புனே அருகே மகிந்திரா கல்லூரி 1997ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1995ஆம் ஆண்டுக்குப் பின் மண்டேலாவும் இவ்வமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

நெதர்லாந்து மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் 1985ஆம் ஆண்டு இங்கே படிப்பை முடித்தவர். அண்மையில் ஸ்பெயின் இளவரசி லியோனோரும் படித்தார். அரச குடும்பத்துப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் பத்திரிகைகள் இதை இளவரசிகள் படிக்கும் கோட்டைப் பள்ளி என்றே எழுதுகின்றன. கோட்டையும் கட்டணமும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவும் செய்கின்றன. எனினும் நாட்டுக் குழுக்கள் மூலம் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, வசதியற்றவர்களுக்கு உதவித்தொகை அளிப்பது தொடக்கத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. ஏதிலி முகாமிலிருந்து வந்த மாணவரும் செல்வந்தர் வீட்டு மாணவரும் ஒரே அறையில் தங்க நேர்வது அதனால்தான்.

நிலையம் மூடப்படுதல்

மீட்புப் பணி ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ஒவ்வொரு அணியும் இரண்டு ஆண்டுகளில் வெளியேறிவிடும் என்பதால், பயிற்சி முடித்த மூத்தவர்கள் போவதற்குள் புதியவர்களைத் தயார்செய்தாக வேண்டும். கடலே பார்த்திராத ஊரிலிருந்து வந்த மாணவரும் முதல் சில மாதங்களில் குளிர்நீருக்குப் பழகி, ஓத அட்டவணையைப் படித்து, எஞ்சினைக் கழற்றிப்பூட்டக் கற்றுக்கொள்வார். இப்படி ஐம்பது ஆண்டுகள் சங்கிலி அறுபடாமல் கைமாற்றிக் கொடுத்ததே பெரிய செயல்தான். இந்தக் கரையில் இந்நிலையத்தின் மாணவர்கள் காப்பாற்றிய உயிர்கள் 98.

படகுகள் வேகமெடுத்தபோது நிலையங்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்கவேண்டிய தேவை குறைந்தது. அருகிலுள்ள நிலையங்களின் புதிய படகுகளே இக்கரையையும் விரைவில் எட்டிவிடும் என்ற நிலையில், 2013ஆம் ஆண்டு உயிர்காப்புப் படகு நிறுவனம் அட்லாண்டிக் கல்லூரி நிலையத்தை மூடியது. அந்தப் புதிய படகுகளில் பல, 'அட்லாண்டிக் 21' வகையின் வழிவந்த 'அட்லாண்டிக் 75', 'அட்லாண்டிக் 85' ஆகிய படகுகள்.